சொல்லாமல் வைத்த பாட்டில்

அர்மேனியாவின் அரேனி ஊரில், ஈரானுக்குப் போகிற நெடுஞ்சாலையோரம் மேசை போட்டு ஒயின் விற்கிறவர்களில் அர்பெனிக்குக்குத்தான் வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அவள் மேசையிலிருந்து யாரும் வெறுங்கையோடு போனதில்லை என்பதையும் அதே ஊர் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார்கள். பக்கத்து மேசைக்காரியின் நல்ல குணத்தைப் பேசினால் நம் வியாபாரம் படுத்துவிடுமே.

அவளுக்கு அறுபதை நெருங்குகிற வயது. இளவயதில் அரசாங்க ஒயின் ஆலையில் கண்ணாடி பாட்டில் கழுவினாள். சோவியத் நாடு உடைந்தபோது ஆலைக்குப் பூட்டுப் போட்டார்கள். வேலை தேடி ரஷ்யாவுக்குப் போன கணவன் அங்கே வேலையோடு ஒரு குடும்பத்தையும் தேடிக்கொண்டான். அர்பெனிக் அழவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே அழுதாள். அழுதுகொண்டே திராட்சையை மிதித்தாள். மின்சாரம் இல்லாமல், ரொட்டிக்கு வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் ஒயின் மட்டும் வீட்டில் இருந்தது. ஊற்றிக் கொடுக்கத்தான் பாட்டில் இல்லை. மதுவுக்குத் தடை இருக்கிற ஈரானுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு லாரிக்காரர், தான் குடித்து முடித்த கோலா பாட்டிலை நீட்டி, இதில் ஊற்று என்று சைகை காட்டினார். நிறம் அப்படியே பொருந்திப்போனது. எல்லையில் நிற்கிறவன் கண்ணுக்குக் கோலா. வீட்டுக்குப் போய்த் திறந்தால் அரேனியின் கறுப்புத் திராட்சை.

அதற்குப் பிறகு இந்தச் சாலையில் எந்த மேசையைப் பார்த்தாலும் கோலா பாட்டில்கள்தான். கல்யாண மண்டபங்களுக்குப் போய்க் காலி பாட்டில்களை மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். சோடா உப்பும் பொடிக்கல்லும் போட்டுக் குலுக்கிக் கழுவி, வேலிக் குச்சிகளில் கவிழ்த்துக் காயவைப்பார்கள். அர்பெனிக்கின் வேலியைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ புது மாதிரி செடி காய்த்திருப்பது போல இருக்கும்.

லாரிக்காரர்களுக்கு விற்பதில் ஒரு முறை உண்டு. ஒயின் என்று யாரும் வாய் திறப்பதில்லை. வண்டியை ஓரம் கட்டுவார்கள், உலர்ந்த பீச் பழம் என்ன விலை என்பார்கள், மேசையில் பணத்தை வைப்பார்கள், வண்டிக் கதவைத் திறந்தே போட்டுவிட்டுக் குழாயடிக்குக் கை கழுவப் போய்விடுவார்கள். திரும்பி வருவதற்குள் பாட்டில் இருக்கைக்குப் பின்னால், போர்வைக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கும். வைத்ததை அவர் பார்க்கவில்லை, எடுத்ததை இவள் பார்க்கவில்லை. யார் வந்து கேட்டாலும் இரண்டு பேரும் தைரியமாகச் சத்தியம் செய்யலாம். "என் பாட்டிலால இதுவரைக்கும் ஒருத்தனும் மாட்டுனதில்ல" என்பதுதான் அர்பெனிக்கின் பெருமை. வீட்டில் தங்க நகை வைத்திருக்கிறவர்கள்கூட அவ்வளவு பெருமையாகப் பேச மாட்டார்கள்.

சனி, ஞாயிறுகளில் தலைநகர் எரவானிலிருந்து வேன் வேனாகச் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் குகையில் பழங்காலத்து ஒயின் பானைகள் கண்டெடுத்தார்கள் அல்லவா, அதைப் பார்க்கத்தான். பார்த்துவிட்டு மேசைக்கு வருவார்கள். கோலா பாட்டில்களைப் படம் எடுத்துக்கொண்டு, வாங்குவது கண்ணாடி பாட்டிலில் இருப்பதை.

"ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இங்க ஒயின் போட்டாங்களாமே?" என்று அன்றும் ஒரு பெண் கேட்டாள்.

"ஆமாடா கண்ணு. ஆனா பானை காலியாத்தான் கெடைச்சுதாம். எங்க ஆளுங்க மிச்சம் வெப்பாங்களா?"

அது அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. அறுவடை முடிந்து ஊரெல்லாம் புளிக்கிற திராட்சையின் வாசம். காலையில் மலையிடுக்கிலிருந்து கிளம்பிய ஒரு காற்று அர்பெனிக்கின் தார்ப்பாயைப் பிடுங்கித் தலைக்கு மேல் கொடி மாதிரி பறக்கவிட்டது. ஒரு கையால் கம்பையும் மறு கையால் பாட்டில்களையும் பிடித்துக்கொண்டு அவள் பட்ட பாட்டை, அடுத்த மேசையிலிருந்து செத்ராக் கையைக் கட்டிக்கொண்டு ரசித்தான்.

செத்ராக்குக்கும் அவளுக்கும் நாலு வருடமாகப் பேச்சு இல்லை. தெற்கே போகிற லாரிகளின் கண்ணில் முதலில் தன் மேசை பட வேண்டும் என்று அவன் பாலத்துப் பக்கமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டான். அவள் கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டாள். "இந்த வாயோட எவன் குடும்பம் நடத்துவான்" என்று அவன் சொல்லிவிட்டான். அதோடு சரி. அதற்குப் பிறகு அவளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அவன் தன் நாயிடம்தான் சொல்வான்.

"பார்த்தியாடா," என்றான் நாயிடம். "சில பேருக்கு மூணு வார்த்தையில மனுஷனைக் கட்டிப்போடத் தெரியும். ஒரு கயிறு கட்டத் தெரியாது."

அர்பெனிக் வானத்தைப் பார்த்துச் சொன்னாள்: "கடவுளே, நாய்க்கு நாக்கைக் குடுத்துட்டு, சில பேருக்கு மூளையைக் குடுக்க மறந்துட்டியே."

அந்த நேரத்தில்தான் ஈரான் எண் பலகையோடு ஒரு பச்சை லாரி நின்றது. கதவில் வெள்ளைப் புறா வரைந்திருந்தது. மீசைகூடச் சரியாக அடர்த்தியாகாத ஓர் இளைஞன் குதித்து இறங்கி, வண்டியிலிருந்து கயிற்றை எடுத்துவந்து, ஒரு வார்த்தை பேசாமல் தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினான். இனிமேல் மேசை பறந்தாலும் தார்ப்பாய் பறக்காது என்கிற மாதிரி கட்டு. அர்பெனிக் லாரிக்காரர்களோடு பழகிப் பழகி ஈரானில் அவர்கள் ஊர்ப் பக்கம் பேசுகிற துருக்கி மொழியில் நன்றாகவே வாயாடுவாள்.

"உன் வலி எனக்கு வரட்டும், ராசா. பேர் என்ன?"

"ஜவாத்."

"இந்தா ஜவாத், பீச் பழம் ஒரு சரம் எடுத்துக்கோ. சர்க்கரைப் பாதாமிப் பழமும் எடுத்துக்கோ."

அவன் கையை நெஞ்சில் வைத்துத் தலையைக் குனிந்தான். "வேண்டாம் பெரியம்மா. எங்கம்மா தார்ப்பாயைக் கட்டிட்டு அவங்ககிட்ட கூலி வாங்குவேனா? குழாய் எங்க இருக்கு, அதை மட்டும் காட்டுங்க."

குழாயடிக்குப் போய் முழங்கைவரை கழுவினான், முகம் கழுவினான், செருப்பைக் கழற்றிக் காலையும் கழுவினான். எவ்வளவு சுத்தமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள் அர்பெனிக். கயிறு எடுத்தபோது திறந்த வண்டிக் கதவு திறந்தே கிடந்தது. கழுவப் போயிருக்கிற டிரைவரும் திறந்திருக்கிற கதவும் கண்ணில் பட்டால், முப்பது வருடப் பழக்கத்தில் அவள் கை தானாகவே மேசைக்கு அடியில் போகும். போயிற்று. இருப்பதிலேயே நல்ல ஒயினாக ஒரு பாட்டிலை எடுத்தாள். பையன் புதிது, போர்வைக்கு அடியில் வைத்தால் கண்டுபிடிக்க மாட்டான் என்று யோசித்து, இருக்கைப் பக்கத்தில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியில், ரொட்டிக்கும் பாலாடைக் கட்டிக்கும் நடுவில் வைத்துவிட்டு வந்தாள். லாரி கிளம்பியபோது வளைவில் மறையும்வரை கை ஆட்டினாள்.

மதியம் ஆவதற்குள் குர்பான் வந்தார். ஈரானின் தப்ரீஸ் நகரத்து லாரிக்காரர், அர்பெனிக்கின் முதல் காலத்து வாடிக்கை. பீச் பழத்தின் விலையை இத்தனை வருடமும் கேட்டுவருகிற மனிதர், இன்றுவரை ஒரு பழம் தின்றதில்லை. அவரிடம் காலையில் நடந்ததைச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"பிள்ளைன்னா அப்படி இருக்கணும், குர்பான் அண்ணே. கூலி வேண்டாம்னுட்டான். நானும் சும்மா விடல. பெட்டியில ஒண்ணு வெச்சு அனுப்பிட்டேன்."

"எந்தப் பிள்ளை?"

"பச்சை லாரி. கதவுல புறா இருக்கும்."

குர்பான் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "மரந்த் பக்கத்து ஜவாதா? அவனுக்கா வெச்சே?"

"ஏன், என்ன?"

"தங்கச்சி, அவன் அப்பா எங்க ஊர்ப் பக்கம் மசூதியில தொழுகைக்கு அழைக்கிறவரு. இவன் வழியில நிறுத்தித் தொழுதுட்டுத்தான் ஓட்டுவான். குடிக்கிறவன் பக்கத்துல உக்காந்து சாப்பிடக்கூட மாட்டான். நீ வெச்சது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் எப்பவும் சொல்றதில்லையே."

"நாங்க ஒளிச்சு எடுத்துட்டுப் போறோம்னா எங்களுக்கு எங்க ஒளிக்கணும்னு தெரியும், யார் நிக்கற நேரத்துல போகணும்னு தெரியும். அவன் கோலான்னு நெனைச்சுக் கண்ணாடிக்கு முன்னாடியே வெச்சுட்டுப் போவான். இப்பல்லாம் எல்லையில பாட்டிலைத் தெறந்து பாக்கறாங்க. மாட்டுனா லாரி போச்சு, லைசென்ஸ் போச்சு. முதுகுல சாட்டையும் விழும். 'எனக்குத் தெரியாது'ன்னு எல்லாருந்தான் சொல்றாங்க. அவன் சொன்னா மட்டும் நம்புவாங்களா?"

தொழுகைக்காகக் கால் கழுவின பையன். அர்பெனிக்குக்கு இப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடத்தில் குர்பான் ஒரு தடவையாவது கால் கழுவியிருப்பாரா? அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ஃபோன் போடுங்கண்ணே."

"நம்பர் இருந்தா இந்நேரம் போட்டிருக்க மாட்டேனா?"

பக்கத்து மேசையில் நாயிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. செத்ராக் எழுந்து, தன் பழைய நிவா காரின் கதவைத் திறந்து, நாலு வருடத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"ஏறு."

"நீ ஒண்ணும் வர வேண்டாம்."

"நடந்தே போய்ப் புடிச்சிடுவியா? லோடு வண்டி கணவாய் ஏறணும், மெதுவாத்தான் போவான். இறக்கத்துக்குப் போயிட்டான்னா அப்பறம் நம்மால முடியாது. ஏறுன்னா ஏறு."

"மேசையை யாரு பாத்துக்கறது? ரெண்டு வேன் வந்து நிக்குது."

"நான் பாத்துக்கறேன்," என்றார் குர்பான், அவள் வேன்களைக் கை காட்டியதிலிருந்தே புரிந்துகொண்டு. அவருக்குத் தெரிந்த அர்மேனியச் சொற்கள் பத்து விரலுக்குள் அடங்கும். அதில் பாதி எரவான் பெண்மணிகள் முன்னால் சொல்லக்கூடாதவை. அர்பெனிக் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் இல்லை.

கார் வைக் ஊரைத் தாண்டியது. பிறகு செத்ராக்தான் ஆரம்பித்தான்.

"மாட்டுனா அந்தப் பையன் 'அரேனியில வெச்சாங்க'ன்னு சொல்வான். அரேனியில எந்த மேசைன்னு எவனும் கேக்க மாட்டான். ஒரு லாரி நிக்காது நம்ம ஊர்ல."

"உன் கவலை உனக்கு. உன் வியாபாரம்."

"ஆமா, என் வியாபாரந்தான். உனக்கு மட்டும் வேற என்ன கவலை?"

"அந்தப் பையன் முதுகு!" என்று கத்தினாள் அர்பெனிக். கத்தியது அழுகையாக உடைந்தது. "எங்கம்மான்னு சொன்னான்டா என்னை. தார்ப்பாய் கட்டிக் குடுத்தவனுக்கு நான் சாட்டையடி கட்டிக் குடுத்திருக்கேன்."

செத்ராக் கியரை மாற்றி மிதித்தான். வளைவில் மலைமேய்ச்சல் முடிந்து இறங்கி வருகிற ஆட்டு மந்தை சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. அவன் தலையை வெளியே நீட்டி மந்தைக்காரனின் ஏழு தலைமுறையையும் விசாரித்தான். மந்தைக்காரன் அவனுடைய எட்டாவது தலைமுறையிலிருந்து பதில் சொன்னான். ஆடுகள் யாருக்கும் அவசரப்படவில்லை. அர்பெனிக் காரிலிருந்து இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வீசி வீசி ஆடுகளை ஓரம் ஒதுக்கினாள். அவள் வாய்க்கு ஒதுங்காத ஆடும் உண்டா?

கணவாய்க்குச் சற்றுக் கீழே, சாலையோரத்தில் ஒரு நீரூற்றுக்குக் கல் தொட்டி கட்டியிருக்கிறார்கள். அங்கே பச்சை லாரி நின்றது. "புறா! புறா!" என்று அவள் கத்தினதில் செத்ராக் ஸ்டியரிங்கை விட்டுவிட்டான். நல்லவேளை, ஒரு நொடிதான்.

ஜவாத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அந்தப் பாட்டில், மூடி இறுக்கி, நேராக நிறுத்தி வைத்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்தான். காலையில் இருந்த சிரிப்பு முகத்தில் இல்லை.

"நீங்கதான் வெச்சீங்களா, பெரியம்மா?"

"நாந்தான்."

"மேட்டுல ஏறும்போது தாகம். பெட்டியில கோலா இருந்துச்சு. எங்கண்ணன் வெச்சிருப்பான்னு நெனைச்சேன். உதடு வரைக்கும் கொண்டுபோயிட்டேன்." அவன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். எத்தனையாவது தடவையாகத் துடைக்கிறானோ, உதட்டோரம் சிவந்திருந்தது. "வாசம் வந்ததும் வண்டியை இங்க நிறுத்திட்டு வாயைக் கழுவுனேன். கீழ ஊத்திடலாம்னு தெறந்தேன். மனசு வரல. காலைல உங்க நகத்தைப் பார்த்தேன், திராட்சைக் கறை போகவே இல்ல. நல்ல மனசோடதான் வெச்சிருப்பீங்கன்னு தெரியும். ஆனா அதைத் திரும்ப என் வண்டியில ஏத்த முடியாது."

"இங்கயே வெச்சுட்டுப் போயிருக்கலாமேப்பா. எல்லைக்கு நேரமாகுதே உனக்கு."

"வெச்சுட்டு ஏறிட்டேன். அப்பறம் ஆட்டு மந்தை வந்துச்சு. கூட ரெண்டு சின்னப் பிள்ளைங்க. ஓடி வந்து கோலான்னு கையில எடுத்துடுச்சு ஒண்ணு. குதிச்சு எறங்கிப் புடுங்கிட்டேன். அந்தப் பிள்ளை என்னை என்ன திட்டு திட்டுச்சுன்னு எனக்குப் புரியல, ஆனா நல்லா திட்டுச்சு. அதுக்கப்பறம் எப்படி வெச்சுட்டுப் போறது? அரேனிப் பக்கம் போற வண்டிங்களைக் கை காட்டி நிறுத்துனேன். இந்தக் கோலாவைத் திருப்பிக் குடுத்துடுங்கன்னு காட்டுனா, பைத்தியத்தைப் பாக்கற மாதிரி பாத்துட்டுப் போறாங்க."

"அப்ப இருந்து இதுக்குக் காவலா உக்காந்திருக்கியா?" என்றான் செத்ராக். அவனுக்குத் துருக்கி அரைகுறை, இருந்தாலும் புரிந்துவிட்டது.

"வேற என்ன செய்யறது?"

அர்பெனிக் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருடமாக எல்லையில் நிற்கிறவனின் கண்ணைப் பற்றித்தான் அவள் யோசித்திருக்கிறாள். எந்த நிறம், எந்த மூடி, எங்கே வைத்தால் அவன் பார்க்க மாட்டான் என்றே யோசித்திருக்கிறாள். ஒரு குழந்தையின் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும் என்று ஒரு நாளாவது யோசித்தாளா? அவள் மேசை ஒரு குழந்தைக்கு எட்டுகிற உயரம்தான். சனிக்கிழமை தோறும் வேன்களிலிருந்து எத்தனை பிள்ளைகள் இறங்கி அந்த மேசையைச் சுற்றி ஓடியிருக்கின்றன. என் பாட்டிலால் யாரும் மாட்டியதில்லை என்று எவ்வளவு பேசியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் வாயின் மேலேயே வெறுப்பு வந்தது.

"ஜவாத்," என்றாள். "உனக்கு ஏதாவது குடுக்கணும்னு தோணுச்சுப்பா. வேணுமான்னு கேக்கத் தோணல. என்னை மன்னிச்சுடு."

அவன் தரையைப் பார்த்தான். "ஒண்ணும் ஆகலையே, பெரியம்மா. நீங்களும் இவ்வளவு தூரம் வந்துட்டீங்க."

செத்ராக் பாட்டிலை எடுத்துக் கொண்டுபோய்த் தன் காரின் பின்னால் வைத்துக் கதவை அடைத்தான். ஜவாத் பெருமூச்சு விட்டான். அந்தப் பாட்டில் கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் அவன் தோள் இறங்கியது.

"இப்பக் கேக்கறேன்," என்றாள் அர்பெனிக். "சொல்லு, என்ன வேணும் உனக்கு?"

"எதுவும் வேண்டாம்."

"நீ ஏதாவது கேட்டாத்தான் நான் வீட்டுக்குப் போவேன். இல்லேன்னா உன் லாரியிலயே ஏறி மரந்துக்கு வந்து உங்கம்மாகிட்ட அழுவேன்."

அவன் வெட்கப்பட்டான். "தப்பா நெனைக்க மாட்டீங்கன்னா... ஒரு கோலா. மேடு ஏறினதுலேர்ந்து அந்த நெனப்பாவே இருக்கு."

செத்ராக் வெடித்துச் சிரித்துவிட்டான். வேலி நிறையக் கோலா பாட்டில் காயவைக்கிறவளிடம் ஒரு சொட்டுக் கோலா இல்லை. "பேசாம உக்காரு, நான் போறேன்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தான். கணவாய் உச்சியில் தேநீரும் தேனும் விற்கிற தகரக் கடை ஒன்று உண்டு. சீக்கிரமே திரும்பி வந்து, பனி பூத்த பாட்டிலை அர்பெனிக்கின் கையில் திணித்தான்.

"உனக்கு உதவி பண்றேன்னு நெனைச்சுக்காதே. பையனுக்காக."

"நீ எனக்கு உதவி பண்ணா மழை பேஞ்சு சாலையே அடிச்சிட்டுப் போயிடும், தெரியாதா எனக்கு?" என்றாள் அவள். நாலு வருடத்துக்குப் பிறகு அவனிடம் நேராகச் சொன்ன முதல் ஏச்சு. அவனுக்கு அது பிடித்திருந்தது போலத்தான் தெரிந்தது.

அவள் பாட்டிலை இரண்டு கையாலும் ஜவாதிடம் கொடுத்தாள். அவன் மூடியைத் திருகினான். சீல் உடைந்து புஸ் என்று சத்தம் வந்தது. வாய்க்குக் கொண்டுபோனவன் பாதியில் நிறுத்தி, பாட்டிலை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து முகர்ந்து பார்த்தான். வேண்டும் என்று செய்யவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் காதுவரை சிவந்துபோனான்.

"சந்தேகப்பட்டு இல்ல, பெரியம்மா. சும்மா..."

"பாருப்பா," என்றாள் அர்பெனிக். "யாரு குடுத்தாலும் மோந்து பாத்துட்டே குடி. நான் குடுத்தாலும்."